துப்புரவாளன் என்னும் பெயர் பெற்ற மீன்

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் சில வேளைகளில் அப்பொருளின் உண்மை இயல்பை மறைத்துவிடுகிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போர் நன்கு அறிந்த மீன் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும். மீன் விற்கும் கடைகளில் அதனை ‘ராங்க் கிளீனர்’ என்று கூறி விற்பர்; தொட்டியைத் துப்புரவு செய்வது என்பது அதன் பொருள். இரண்டு அங்குல நீளமும் கருமை படர்ந்த நிறமும் உடைய அச்சிறு மீன், கண்ணாடியில் வாயைப் பதித்து அசையாது ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்போர் வியப்படைவர். கண்ணாடியிற் படரும் பச்சைப் பாசியை இது தின்றுவிடும், இனித் தொட்டியைக் கழுவும் தொல்லை இல்லை என்ற எண்ணத்துடன் அதனை வாங்கிச் செல்வர். அம்மீன் எத்தகையது, எவ்வளவு வளரும், அதற்கு வேண்டியன யாவை என்னும் வினாக்கள் அவ்வேளையில் எழுவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இம்மீனின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசன், ஒறினோக்கோ முதலிய பேராறுகளிலும் அவற்றோடு கலக்கும் கிளையாறுகளிலும் இது வாழ்கிறது. நம் நாட்டவர் அறிந்த கெளிற்று மீன்களுக்கு இது தூரத்து உறவு. உறிஞ்சுவாய்க் கெளிறு என்று இதனைத் தமிழிற் கூறலாம். இக்குடும்பத்துக்கு அறிவியலார் இட்ட பெயர், கவசம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 900க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பமே கெளிற்று மீன்களுள் மிகப் பெரியது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758 ஆம் ஆண்டில் இக்குடும்பத்து மீன் ஒன்றுக்கு ‘பிளெக்கொஸ்தோமசு’ என்று பெயரிட்டு, ஐரோப்பிய நீர்களில் வாழும் ஸ்டேர்ஜன் என்னும் மீனோடு அதனைச் சேர்த்து வைத்தார். மடிப்புள்ள வாயை உடையது என்பது அப்பெயரின் பொருள். மீன் வளர்ப்போர் அதனைச் சுருக்கிப் ‘பிளெக்கோ’ என்பர். இன்று கடைகளிற் பெரும்பாலும் கிடைப்பது ‘தெரிகோப்பிளிக்திசு’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. முதுகுச் செட்டை உயர்ந்து பாய்மரம்போல் விரிவதும், அச்செட்டையில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்கள் இருப்பதும் அதன் அடையாளங்கள்.

அதன் உடலமைப்பு ஆராய்தற்குரியது. சாதாரண மீன்களுக்கு உள்ள செதில்கள் இதற்கு இல்லை. அவற்றின் இடத்தில் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக அமைந்து, போர்வீரன் அணியும் கவசம்போல உடலைக் காக்கின்றன. வயிறு தட்டையானது. வாய், தலையின் கீழ்ப்புறத்தில் வட்டமாக அமைந்திருக்கிறது. பாய்ந்து வரும் நீர் அடித்துச் செல்லாதபடி பாறையையும் மரக்கட்டையையும் பற்றிக்கொள்ள அவ்வாய் உதவுகிறது; அவ்வாயிலுள்ள நுண்ணிய பற்கள், பற்றிய இடத்திற் படர்ந்துள்ள பாசியைச் சுரண்டி உண்ண உதவுகின்றன. ஒரே உறுப்பு நங்கூரமாகவும் அரமாகவும் பயன்படுகிறது. கண்ணின் அமைப்பும் விந்தையானது. பேரொளி படும்போது கருவிழியின் மேற்புறத்திலுள்ள மடல் ஒன்று இறங்கி ஒளியைத் தடுக்கிறது. இருளில் அது சுருங்கிக் கண்ணுக்கு வழிவிடுகிறது. பகலில் ஒதுங்கியிருந்து இரவில் இரை தேடும் உயிருக்கு இது இயற்கை அளித்த திரை எனலாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. இம்மீனைப் பொறுத்தவரையில் அப்பழமொழி பொய்த்துவிடுகிறது. இரண்டு அங்குலக் குஞ்சைப் பார்த்து அதன் எதிர்காலத்தை எவரும் ஊகித்தல் இயலாது. நல்ல உணவும் போதிய நீரும் வாய்ப்பின் அது 16 முதல் 20 அங்குலம் வரை வளரும். 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். இவ்வளர்ச்சியின் அளவைச் சிறு கணக்கொன்றினால் உணரலாம். 2 அங்குல மீன் 16 அங்குலமாகும்போது அதன் நீளம் 8 மடங்காகிறது. அகலமும் உயரமும் அவ்வாறே பெருகுவதால், உடலின் பருமன் எட்டை எட்டாலும் மீண்டும் எட்டாலும் பெருக்கிய அளவாகிறது. அஃதாவது, வாங்கிய நாளில் இருந்ததைப்போல ஏறக்குறைய 500 மடங்கு மீன், அதே தொட்டியில், அதே நீரில் இருக்கும்.

தொட்டியின் அளவுக்கு ஏற்பவே மீன் வளரும், சிறு தொட்டியில் இட்டால் அது சிறிதாகவே இருக்கும் என்று சிலர் கூறுவர். இது பெரும் பிழை. சிறு தொட்டியில் மீனின் வளர்ச்சி தடைப்படுவது உண்டு. ஆயின் அது சுகமாக இருப்பதன் அறிகுறியன்று. கழிவு மிகுந்த நீரில் உடல் நலிந்து, முதுகு வளைந்து, வாழ்நாளும் குறைந்து போவதையே சிலர் ‘தொட்டிக்கு ஏற்ற வளர்ச்சி’ என்று தவறாக எண்ணுகின்றனர்.

அங்ஙனமாயின், இதற்கு எத்துணைப் பெரிய தொட்டி வேண்டும்? வீடுகளிற் சாதாரணமாகக் காணப்படுவது 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி. அதில் ஏறக்குறைய 56 லீற்றர் நீர் கொள்ளும். ஓர் அடி அகலமுள்ள தொட்டியில் ஒன்றரை அடி மீன் திரும்புவதற்கும் இடமில்லை. முழு வளர்ச்சி பெற்ற மீனுக்கு 6 அடி நீளமும், 2 அடி அகலமும், 2 அடி உயரமும் கொண்ட தொட்டி வேண்டும். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 680 லீற்றர். முன்னதைப்போல 12 மடங்கு. அந்நீரின் எடை மாத்திரம் 680 கிலோகிராம். கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றின் எடை வேறு. எனவே தொட்டி வைக்கும் நிலமும் தாங்கியும் உறுதியானவை தாமா என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். மரத்தாலான மாடித்தளத்தில் இத்தகைய தொட்டியை வைத்தல் அபாயமாகும்.

இனி, துப்புரவாளன் என்ற பெயரின் பொருத்தத்தை நோக்குவோம். இளமையில் இம்மீன் பாசியை உண்பது உண்மையே. ஆயின் உண்பது எதுவாயினும் அது கழிவாக வெளிப்பட்டே தீரும். இதன் குடல் மிக நீண்டது. பல மடிப்புகளாகச் சுருண்டு கிடப்பது. தாவர உணவை மிகுதியாக உண்டு, அதற்கேற்ப மிகுதியான கழிவை இழைபோல ஓயாது வெளியிடுவது இதன் இயல்பு. கண்ணாடியிலிருந்த பச்சை நிறம் மறைவதைக் காண்போர், அடித்தளத்திற் படியும் கழிவைக் காண்பதில்லை. வளர்ந்த பின்னரோ பாசியிலுள்ள விருப்பம் குறைந்து, பிற மீன்களுக்கு இடும் உணவையே இது நாடுகிறது. தொட்டியைச் சுத்தப்படுத்தும் என்று கருதி வாங்கிய மீனே, அத்தொட்டியை மிகுதியாக அழுக்காக்கும் மீனாக முடிகிறது. இதில் மீனின் குற்றம் யாதும் இல்லை. அதற்குப் பெயரிட்டவர் மனிதரே.

கண்ணுக்குத் தெரியும் கழிவைக் காட்டிலும் தெரியாத கழிவே கொடியது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு நீரில் உண்டாகிறது. நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இது அவ்வளவு கேடு செய்வதன்று. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். இன்று தொட்டியை நிரப்பி, இன்றே மீனை விடுவோர் சில நாள்களில் மீனை இழப்பதற்குக் காரணம் இதுவே. வடிகட்டியின் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவுவதும் தவறு, அப்பற்றீரியாக்கள் அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.

நைத்திரேற்றை நீக்குவதற்குரிய எளிய வழி, வாரந்தோறும் நீரின் காற்பங்கை மாற்றுவதாகும். 680 லீற்றர்த் தொட்டியில் அது 170 லீற்றர். 10 லீற்றர் கொள்ளும் வாளியில் 17 வாளி. இவ்வேலையை ஒரு வாரமன்று, பத்தாண்டுகளுக்கு மேலாக வாரந்தவறாது செய்தல் வேண்டும். மீனை வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய கணக்கு இதுவேயன்றி, கடைக்காரர் கூறும் விலையன்று. புதிய நீர் குழாய்நீராயின் குளோரீனை நீக்கும் மருந்தை அளவறிந்து கலந்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவதால் வன்னீராகும். இம்மீன் அதனையும் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் ஒருவகை நீரிலிருந்து மற்றொரு வகை நீருக்குத் திடீரென மாற்றுதல் ஆகாது. வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. தாழ்நிலப் பகுதிகளில் அது இயல்பாகவே அமைந்துவிடும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் நீரை வெப்பமாக்கும் கருவி இன்றியமையாதது.

ஓடும் ஆற்றில் வாழ்ந்த இனமாதலின் இதற்கு ஒட்சிசன் நிறைந்த நீர் வேண்டும். நீரில் ஒட்சிசன் குறையுமாயின், இது விரைந்து மேலெழுந்து வாயாற் காற்றை விழுங்கி மீண்டும் அடியிற் சென்று தங்கும். விழுங்கிய காற்றிலிருந்து ஒட்சிசனை உறிஞ்சுவது இதன் இரைப்பை. இரைப்பையே சுவாசப்பையாகவும் தொழிற்படும் இவ்வமைப்பினால், நீரை விட்டு வெளியேறினும் ஈரம் உள்ளவரை பல மணி நேரம் இது உயிரோடிருக்கும். தொட்டியில் இம்மீன் அடிக்கடி மேலெழுந்து காற்றை விழுங்குமாயின், நீர் கெட்டுவிட்டது என்பதை வளர்ப்பவர் உணர்ந்துகொள்ளல் வேண்டும்.

உணவு விடயத்திலும் பலர் தவறு செய்கின்றனர். பாசியே போதுமென்று கருதி வேறு உணவு இடாமையினாற் பட்டினியால் மடியும் உறிஞ்சுவாய்க் கெளிறுகள் பல. வெள்ளரிக்காய், பூசணிக்காய், கீரை, அவித்துத் தோல் நீக்கிய பட்டாணி ஆகியவற்றை இது விரும்பி உண்ணும். காய்களை நன்கு கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்து, சிறு கல்லிற் கட்டி அடித்தளத்திற் கிடக்கச் செய்தல் வேண்டும். கடைகளிற் கிடைக்கும் உணவு வில்லைகளுள் நீரில் அமிழ்பவையே இதற்கு ஏற்றவை. இடையிடையே சிறிது இறாலும் இடலாம். விளக்கை அணைத்த பின்னர் உணவிட்டு, காலையில் எஞ்சியதை அகற்றிவிடுதல் முறை. வயிறு குழிந்தும் கண்கள் உள்வாங்கியும் காணப்படுமாயின் மீன் பட்டினி கிடக்கிறது என்பது பொருள்.

தொட்டியினுள் மரக்கட்டை ஒன்று இருத்தல் நலம். கட்டையின் மேற்படர்வதைச் சுரண்டுவதும், அதன் நிழலில் ஒதுங்குவதும் இம்மீனுக்கு உவப்பானவை. நன்கு ஊறவைத்த கடினமான கட்டையாக அது இருத்தல் வேண்டும். உடல் முழுவதும் மறையத்தக்க குகை ஒன்றும் தேவை. கற்களைக் குவிப்போர் அவற்றை மணலின்மேல் வைக்காது தொட்டியின் அடித்தளத்தின்மேல் உறுதியாக அமைத்தல் வேண்டும். வளர்ந்த மீன் வாலை ஒருமுறை வீசினாற் போதும், கல் சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். மேல்மூடி கனமுள்ளதாக இருக்கட்டும். மீனை இடம் மாற்றும்போது வலையைப் பயன்படுத்தல் ஆகாது. பக்கச் செட்டைகளின் முட்கள் வலையிற் சிக்கி மீனுக்கும் பிடிப்பவருக்கும் காயம் விளைவிக்கும். அகன்ற பாத்திரத்தில் நீரோடு சேர்த்து அள்ளுவதே தகுந்த வழி.

ஒரு தொட்டியில் இவ்வினத்து மீன் ஒன்றே போதும். இளமையில் ஒற்றுமையாக இருந்தவை வளர்ந்தபின் இடத்துக்காகப் போரிடும். தங்கமீனோடு இதனைச் சேர்த்து வைத்தலும் பொருத்தமன்று. பசியுற்ற உறிஞ்சுவாய்க் கெளிறு, இரவில் மெதுவாக நகரும் மீன்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அவற்றின் தோலிலுள்ள வழுவழுப்பைச் சுரண்டி உண்பதுண்டு. அதனால் அம்மீன்கள் புண்பட்டு மடியும்.

பாசியைப் போக்குவதே நோக்கமாயின் அதற்கு இம்மீன் வேண்டுவதில்லை. மிகுந்த ஒளியும் மிகுந்த உணவுமே பாசி பெருகுவதற்குக் காரணங்கள். வெயில் நேரே படாத இடத்தில் தொட்டியை வைத்து, விளக்கெரியும் நேரத்தைக் குறைத்து, உணவை அளவாக இட்டு, வாரம் ஒருமுறை கண்ணாடியைக் கையினால் துடைத்தாற் போதுமானது. உறிஞ்சுவாய் மீனையே விரும்புவோர், அக்குடும்பத்தில் ஐந்து அல்லது ஆறு அங்குலத்துக்கு மேல் வளராத இனங்களைத் தெரிந்தெடுக்கலாம். முகத்தில் தாடிபோன்ற இழைகளை உடைய ‘அன்சிஸ்திரசு’ அவற்றுள் ஒன்று.

இவற்றையெல்லாம் அறியாது வாங்கிய ஒருவரின் நிலை யாதாகும்? முதலாண்டில் மீன் பிள்ளைகளுக்கு வேடிக்கைப் பொருள். இரண்டாம் ஆண்டில் அது தொட்டியிலுள்ள செடிகளைப் பிடுங்கி எறிகிறது. மூன்றாம் ஆண்டில் நீர் ஓயாது கலங்குகிறது, வீட்டார் சலிப்படைகின்றனர். கொல்வதற்கு மனம் வருவதில்லை. ஈற்றில் ஒரு மாலைப்பொழுதில் வாளியிலிட்டு, அருகிலுள்ள குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிட்டு, ஓர் உயிருக்கு விடுதலை அளித்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகின்றனர். இரக்கத்தினாற் செய்யும் இச்செயலே பெருந்தீங்காக முடிகிறது.

ஏனெனில், கவசம் பூண்ட இம்மீனை விழுங்கவல்ல பகை நம் குளங்களில் மிகச் சில. நீர் வற்றினும், அழுகினும், காற்றை விழுங்கி இது உயிர் பிழைக்கும். ஆண் மீன் கரையின் மண்ணில் நீண்ட வளையைக் குடைந்து, பெண் மீன் அதில் இட்ட முட்டைகளைக் காவல்செய்யும். இவை பெருகிய இடங்களில் கரையெங்கும் வளைகள் தோன்றி மண் சரிகிறது. மெக்சிக்கோ நாட்டில் இன்பியர்னில்லோ என்னும் நீர்த்தேக்கம் திலாப்பியா மீனுக்குப் பேர்பெற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மீனவர் விரித்த வலைகளில் திலாப்பியாவுக்குப் பதிலாக இக்கவச மீன்களே நிறைந்தன, வலைகள் கிழிந்தன, பிழைப்பும் குன்றியது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஊற்றுகளில், கடற்பசு இனத்தைச் சேர்ந்த மனாற்றி என்னும் சாதுவான விலங்கின் முதுகில் இவை கூட்டமாக ஒட்டிப் பாசியைச் சுரண்டுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பிலிப்பைன்சு, வங்காளதேசம், இந்தியா முதலிய நாடுகளின் நீர்நிலைகளிலும் இவை பரவியுள்ளன. 

இலங்கையும் இதற்கு விலக்கன்று. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இம்மீன் நிலைபெற்றுவிட்டதை இந்நாட்டு ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். 1976 ஆம் ஆண்டு முதல் மகாவலியின் நீரைச் சுரங்க வழியாக வடக்கே திருப்பி, உலர் வலயத்துக் குளங்களுக்கு அளிக்கும் இடம் பொல்கொல்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நீருக்கு வழி இருக்குமிடத்தில் மீனுக்கும் வழி உண்டு. நம் முன்னோர் கட்டிய குளங்களோ ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மாரியில் மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை அடையும். ஒரு குளத்தில் விட்ட மீன் அக்குளத்தோடு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. திலாப்பியாவும் அயல்நாட்டு மீன்தானே என்று சிலர் வினவலாம். அது 1952 ஆம் ஆண்டில் உணவுக்கெனத் திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்டது; நன்னீர் மீனவரின் வாழ்வுக்கு ஆதாரமாயிற்று. ஒருவர் தம் வீட்டுத் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளக் குளத்திற் கொட்டும் மீனால் அத்தகைய பயன் விளையவில்லை. அத்தீங்கைத் தாங்குபவர், அம்மீனை ஒருநாளும் வாங்கியிராத மீனவரும் கமக்காரருமே.

ஆகவே, மீன் பெருத்துவிட்டதே என்று வருந்துவோர் செய்யத்தக்கவை சில உள. வாங்கிய கடையிலேயே திருப்பி ஏற்பார்களா என்று கேட்கலாம். பெரிய தொட்டியோ, வெளிநீரோடு தொடர்பற்றதும் வெள்ளத்தில் நிரம்பி வழியாததுமான சீமெந்துத் தடாகமோ உடையவரிடம் ஒப்படைக்கலாம். எவ்வழியும் இல்லையெனின் மிருக வைத்தியரின் ஆலோசனையை நாடலாம். குளமும் ஆறும் வாய்க்காலும் அவ்வழிகளுள் அடங்கா. பாடசாலைகளில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. மீனின் உடலுறுப்புகளைக் கற்பிப்பதோடு, அதனைப் பேணுபவரின் கடமையையும் அத்தொட்டியைக் கொண்டே கற்பிக்கலாம்.

உறிஞ்சுவாய்க் கெளிறு வெறுக்கத்தக்க மீனன்று. போதிய நீரும் நிழலும் உணவும் பெற்று, அகன்ற தொட்டியில் அமைதியாக உலவும் முதிர்ந்த மீனைக் காண்பது தனி இன்பம். பாய்மரச் செட்டையை விரித்து அது மெல்ல நகரும் காட்சியில், தொலைதூரத்துப் பேராறு ஒன்றின் அடித்தளமே கண்முன் தோன்றும். அவ்வின்பத்தைப் பெறுதற்குரியவர், வேலைக்காரனைத் தேடிக் கடைக்குச் செல்பவரல்லர். பதினைந்து ஆண்டுகளுக்கு ஓர் உயிரின் பொறுப்பை ஏற்க ஆயத்தமாகச் செல்பவரேயாவர்.